பைபாஸ் ரோட்டில் பஸ் தடம் போட்டால், லெஃப்ட் திரும்புகிறவர்களை என்ன செய்வது?

பொன்மேனி பயணி (இழையைத் தொடங்கியவர்)

மெட்ரோ அறிக்கையை 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பியாகிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம், 2011 கணக்குப்படி மதுரை அந்த அளவுக்கு வரவில்லையாம். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் என்று வரைபடம் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி. அதற்கு அழ வேறு இழை இருக்கிறது, அங்கே போய் அழுங்கள். இங்கே கேட்பது வேறு. மெட்ரோவுக்குப் பதிலாக அவர்கள் கைகாட்டியது பஸ்ஸுக்குத் தனித் தடம். அதை நம்மூரில் எங்கே போட முடியும்?

நான் பைபாஸ் ரோட்டைச் சொல்வேன். பழங்காநத்தத்தில் தொடங்கிக் காளவாசல் வரை. ஊருக்குள் இவ்வளவு அகலமான ரோடு அதிகம் கிடையாது. டவுன் பஸ், தெற்கேயிருந்து ஆரப்பாளையம் போகிற பஸ், கம்பெனி பஸ், ஸ்கூல் வேன் என்று எல்லாம் இதில்தான் வருகிறது.

இரண்டு பக்கமும் நடைபாதையை ஒட்டிய தடத்தைக் காலை 8 முதல் 11 வரை, மாலை 5 முதல் 8 வரை பஸ்ஸுக்கு மட்டும் விட வேண்டும். அந்த நேரத்தில் பைபாஸிலிருந்து உள்தெருக்களுக்கு லெஃப்ட் திரும்பத் தடை. காளவாசலில் தேனி ரோட்டுக்குத் திரும்புகிற லெஃப்ட்டை சிக்னலுக்குள் கொண்டுவர வேண்டும். காரணம் எளிது. லெஃப்ட் திரும்ப ஒதுங்கும் கார் பஸ் தடத்தில்தான் வந்து நிற்கும். அது நின்றால் பின்னால் 60 பேரோடு வருகிற பஸ்ஸும் நிற்கும். அப்புறம் தடம் எதற்கு?

திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

ஜிகர்தண்டா77

தாராளமாகப் போடலாம் சகோ. இப்போது அந்தத் தடத்தில் குடியிருக்கும் கார்கள், மினி லாரி, பானிபூரி வண்டி, கட்டில் மெத்தை விற்கிறவர், வாட்டர் சர்வீஸுக்கு வரிசையில் நிற்கும் பைக்குகள் எல்லாவற்றையும் எங்கே அனுப்புவது என்று இன்னொரு இழை தொடங்கிவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை வாசி

பைபாஸ் எதற்கு? நெரிசல் உண்மையில் கொல்கிற இடம் சிம்மக்கல், யானைக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டம் அந்த வழியில்தான் நசுங்குகிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற 108 வண்டியும் அதில்தான் மாட்டுகிறது. பஸ் தடம் என்று ஒன்று போட்டால் பனகல் ரோட்டில் போடுங்கள், ஆம்புலன்ஸும் அதில் போகட்டும். உயிராவது பிழைக்கும்.

ரிங்ரோடு ராசா

அதைவிட அழகர்கோவில் ரோடு நல்லது. நடுவில் தனித் தடம், அகமதாபாத் மாதிரி நடுவிலேயே ஸ்டேஷன். லெஃப்ட் திரும்புகிறவனுக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். தடையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

வைகைக்கரை வாசி

ராசா, சித்திரை மாசம் ஊரில் இருக்கிறீர்களா இல்லையா? அழகர் மலையிலிருந்து இறங்கி அந்த ரோட்டில்தான் தல்லாகுளம் வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, லட்சக்கணக்கில் சனம். ரோட்டு நடுவே கான்கிரீட் மேடையும் கம்பியும் கட்டி வைத்தால் எதிர்சேவைக்கு என்ன செய்வீர்கள், அழகரையும் ஸ்டேஷனில் ஏற்றி இறக்குவீர்களா?

மாசி வீதியிலும் இதே கதைதான், தேர் சுற்றுகிற ரோட்டில் நடுவே எதையும் நட முடியாது. நம்மூர் ரோடுகளில் பாதி சாமிக்காக அமைந்தவை, மீதி கோட்டையை இடித்துக் கிடைத்தவை. வெளி வீதிகள் பிளாக்பர்ன் கலெக்டர் 1840-களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை. அந்தக் கணக்கில் பார்த்தால் சாமிக்கும் ராசாவுக்கும் சம்பந்தமில்லாத ரோடு பைபாஸ்தான். சரி, பைபாஸையே பேசுவோம். பனகல் ரோட்டை நான் விட்டுவிடவில்லை, அப்புறம் வருகிறேன்.

வரைபடப்பித்தன்

இழை தொடங்கியவர் லெஃப்ட் தடை என்றதும் பலருக்கும் வெளிநாட்டுச் செய்திகள் ஞாபகம் வந்திருக்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டொரண்டோவில் கிங் தெருவில் 2017 நவம்பரில் ஒரு சோதனை தொடங்கினார்கள். கார்கள் அந்தத் தெருவில் நெடுக ஓட முடியாது, வழியில் ஒரு சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி வெளியேறிவிட வேண்டும். இடப்பக்கம் திரும்பவே கூடாது. நடுவில் ஓடுகிற டிராமுக்கு வழி கிடைத்தது, பிறகு அதையே நிரந்தரமாக்கினார்கள். ஆனால் கனடாக்காரர் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டுகிறவர். அவருக்கு லெஃப்ட் என்பது எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே போகிற திருப்பம், அதற்காக அவர் நடுரோட்டில் காத்து நிற்க வேண்டும், பின்னால் டிராமும் நிற்கும். நம்மூரில் அந்த வேலையைச் செய்வது ரைட் திருப்பமும் யூ டர்னும். அதனால் அங்கே லெஃப்ட் தடை வெற்றி என்கிற செய்தியை எடுத்துக்கொண்டு பைபாஸை ஒட்டிய பொன்மேனித் தெருவில் பலகை நடக் கூடாது.

நமக்குப் பக்கத்தில் வருகிற உதாரணம் லண்டன். அவர்களும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். 1968-ல் வாக்ஸ்ஹால் பாலத்தில் பஸ் தடம் போட்டதிலிருந்து அவர்களுக்கும் இதே தலைவலி, ஓரத்துப் பஸ் தடத்தை லெஃப்ட் திரும்புகிறவர் மறிக்கிறார். எல்லா இடத்திலும் லெஃப்ட்டைத் தடை செய்து அதைத் தீர்க்கவில்லை. பல சந்திப்புகளில் பஸ் தடத்தைச் சிக்னல் கோடு வரை கொண்டுபோகாமல் கொஞ்சம் முன்பே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசித் துண்டில் லெஃப்ட் திரும்புகிற வண்டிகளும் பஸ்ஸும் சேர்ந்து நிற்கும், பச்சை விழுந்தால் சேர்ந்து போகும். வரிசையின் நீளம் முழுக்கப் பஸ் முந்தி வந்துவிடுவதால் அதற்கு நஷ்டம் குறைவு.

இப்போது பைபாஸ். உள்தெரு லெஃப்ட்டைத் தடை செய்தால் உள்ளே வீடு இருக்கிறவர் என்ன செய்வார்? நேராகப் போய், அடுத்த இடைவெளியில் யூ டர்ன் அடித்து, எதிர்ப்பக்கம் திரும்பி வந்து, மறுபடி ரோட்டுக்குக் குறுக்கே ரைட் திரும்பி உள்ளே போவார். ஒரு லெஃப்ட்டை எடுத்துவிட்டு ஒரு யூ டர்னும் ஒரு ரைட்டும் வாங்கியிருக்கிறோம். இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் லெஃப்ட்தான் இருப்பதிலேயே செலவு குறைந்த திருப்பம், அதைத் தடை செய்வது கடைசி வழியாக இருக்க வேண்டும். உள்தெருக்களுக்குள்ளேயே ஒன்றையொன்று இணைக்கும் இன்னொரு தெரு இருந்தால் நாலு வாசலில் மூன்றை மூடி ஒன்றைத் திறந்துவிடலாம். இல்லாத இடத்தில் தடை போட்டால் அது காகிதத்தில்தான் இருக்கும்.

காளவாசல் லெஃப்ட்டைச் சிக்னலுக்குள் கொண்டுவருவதை மட்டும் முழுசாக ஆதரிக்கிறேன்.

ஜிகர்தண்டா77

கடைசி வரியை மேலேயே போட்டிருக்கலாம்.

மூணுசக்கரம்

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பஸ் தடத்தில் ஷேர் ஆட்டோ வரக் கூடாது என்பீர்கள். சரி. அப்படியானால் சவாரியை எங்கே ஏற்றுவது? இரண்டாவது தடத்திலா? ஆள் நிற்பது ஓரத்தில், நான் நடுவில் நின்று கையைத் தட்டினால் அந்தம்மா பஸ் தடத்துக்குக் குறுக்கே ஓடி வரணும். அதில் ஒருநாள் பஸ் வரும்.

லெஃப்ட் தடை இன்னும் மோசம். பொன்மேனிக்குள் போகிற சவாரிக்குப் பாலம் வரை போய்த் திரும்பி வா என்றால் அந்த டீசல் காசு யார் தருவது? அதே பத்து ரூபாய் சவாரிக்கு நான் இரண்டு சுற்று ஓடணும். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதிலிருந்தே எங்களுக்குச் சவாரி குறைவு. அதைக் குறையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் அதில்தான் போகிறார்கள். ஆனால் பஸ் வராத தெருவுக்குள் ஆளைக் கொண்டுபோய் இறக்குவது நாங்கள்தான். லெஃப்ட்டை மூடினால் அந்தத் தெருவையே மூடின மாதிரி.

மல்லிப்பூ

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் பஸ்ஸில் போகிற ஆளாக நான் ஒன்று சொல்கிறேன்.

பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு போகவில்லை, நேரம் போகிறது. கடையில் வேலை செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள் என்று காலையில் அந்தப் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பாருங்கள். தாமதமானால் சம்பளத்தில் பிடிக்கிற வேலைதான் பாதிப் பேருக்கு. பஸ் நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் வீட்டில் கொஞ்சம் கழித்துப் புறப்படலாம், பிள்ளைக்கு ஒரு தோசை கூடச் சுட்டுக் கொடுத்துவிட்டு வரலாம்.

இன்னொன்று, இதுவரை எல்லாரும் லெஃப்ட்டை வண்டிக்காரர் கண்ணோடுதான் பேசுகிறீர்கள். ரோட்டோரமாக நடந்து போகிறவர் ஒவ்வொரு தெரு வாசலையும் கடந்துதான் போகணும். நேரே போகிற வண்டிக்குச் சிவப்பு விழுந்தால் அது நிற்கும். லெஃப்ட் திரும்புகிறவர் எந்த விளக்குக்கும் நிற்பதில்லை, பச்சையிலும் வருகிறார், சிவப்பிலும் வருகிறார். அப்படியானால் நடக்கிறவருக்கு எப்போது பச்சை? காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேனி ரோட்டு வாசலைக் கடந்து பாருங்கள், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக. முதலில் சிவப்பில் எல்லாரும் நிற்கட்டும், பஸ் தடத்தை அப்புறம் பேசலாம்.

ரிங்ரோடு ராசா

அது ஃப்ரீ லெஃப்ட் அக்கா, சிவப்பிலும் போகலாம் என்பது விதி.

வரைபடப்பித்தன்

விதி அப்படி இல்லை ராசா. சிவப்பு விழுந்தால் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்தச் சந்திப்பில் லெஃப்ட் போகலாம் என்று பலகையோ பச்சை அம்போ இருந்தால் மட்டும்தான் போகலாம், அப்போதும் நடக்கிறவருக்கு வழி விட்டுத்தான். எல்லா இடத்திலும் லெஃப்ட் சும்மா என்று நாமாகப் பழகிக்கொண்டோம்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்

பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டாமல் நடுரோட்டில் நிறுத்துகிறான் என்று எல்லாரும் திட்டுகிறீர்கள். அந்த சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டாப்பிங் வருகிறது, கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்துவிட்டார், முன்படியில் ஒரு அம்மா கம்பியைப் பிடித்து ஒரு காலை இறக்கியாயிற்று. இடது கண்ணாடியில் ஒரு பைக் தெரிகிறது. தெரியும்போதே அது பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் பாதி வந்துவிட்டிருக்கும். இன்னும் ஓரம் கட்டினால் அவன் நசுங்குவான். கட்டாமல் நின்றால் இறங்குகிற அம்மா மேல் மோதுவான். அதனால்தான் வால் ரோட்டில் கிடந்தாலும் பரவாயில்லை என்று மூக்கை மட்டும் ஓரத்துக்குச் சாய்த்து நிறுத்துவோம். அந்த இடைவெளியை மூக்கு அடைத்துவிடும், பைக் உள்ளே வர முடியாது. பின்னால் நிற்கிறவர்களுக்கு அது திமிராகத் தெரியும்.

இப்போது லெஃப்ட் விஷயம். நம் ஊரில் ஸ்டாப்பிங் பெரும்பாலும் திருப்பத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. பஸ் நின்று ஆள் ஏறிக்கொண்டிருக்கும். லெஃப்ட் திரும்ப வேண்டிய கார் பின்னால் நின்று ஆரன் அடிக்கும். பொறுக்காமல் வலப்பக்கம் எடுத்து என்னை முந்தி, என் மூக்குக்கு முன்னால் வெட்டி உள்ளே திரும்பும். அதே நேரம் இரட்டை விசில் கேட்டு நான் கிளட்சை விட்டிருப்பேன். உராய்கிறது எல்லாம் அந்த இடத்தில்தான் நடக்கும். பஸ் பெரியது என்பதால் கேஸ் எங்கள் மேல்.

ஸ்டாப்பிங்கைத் திருப்பம் தாண்டி நகர்த்திவிட்டால் இதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கார் எனக்குப் பின்னாலேயே திரும்பிப் போய்விடும், நான் சந்திப்பைத் தாண்டி நிம்மதியாக நிறுத்துவேன். சிக்னலில் ஒருமுறை, ஸ்டாப்பிங்கில் ஒருமுறை என்று இரண்டு தடவை நிற்கும் வேலையும் குறையும். தடம் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யலாம், நாலு கம்பத்தைப் பிடுங்கி அந்தப் பக்கம் நடுகிற செலவுதான்.

பொன்மேனி பயணி

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். திருப்பம் தாண்டி நிறுத்தினால், பின்னால் இரண்டு மூன்று பஸ் சேர்ந்து வந்தால் மூன்றாவது பஸ் சந்திப்புக்குள்ளேயே நின்றுவிடாதா? ஆரப்பாளையம் பக்கம் போகிற பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாகத்தானே வருகின்றன.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்

நிற்கும் தம்பி. அதனால் திருப்பத்தை ஒட்டி வைக்கக் கூடாது, இரண்டு பஸ் நீளத்துக்காவது தள்ளி வைக்கணும். ஒரு பஸ் சுமார் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்கள் சேர்ந்து வருவது ஏன் என்பது வேறு கதை. முன்னால் போகிறவன் கூட்டத்தில் மாட்டித் தாமதமாவான், அவன் தாமதமாக ஆக அடுத்த ஸ்டாப்பிங்கில் ஆள் சேரும், பின்னால் வருகிறவனுக்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்வான். முதல் நடையில் ஐந்து நிமிஷம் போனால் அன்றைக்கு முழுக்க அந்த ஐந்து நிமிஷம் கூடவே வரும், சாப்பாட்டு நேரத்தில்தான் அதை ஈடுகட்டுவோம். தடம் இருந்தால் இது குறையும். அதனால் தடத்துக்கு நான் எதிரி இல்லை.

கடைத்தெரு

எல்லாரும் பஸ்ஸையும் ஆட்டோவையும் பேசுகிறீர்கள். பைபாஸில் கடை வைத்து வாடகையும் மின்சாரமும் கட்டுகிறவர்களும் இருக்கிறோம். லோடு வண்டி காலையில்தான் வரும். வாடிக்கையாளர் மாலையில்தான் வருவார். நீங்கள் ஒதுக்கியிருக்கும் ஆறு மணி நேரமும் எங்கள் வியாபார நேரம். கடை முன்னால் கார் நிறுத்த முடியாது என்றால் அவர் போனிலேயே வாங்கிக்கொள்வார். இதற்கு முன்னால் ரோடு வேலை என்று கடை முன்னால் பள்ளம் தோண்டிப் போட்டு மாதக் கணக்கில் உட்கார வைத்தார்கள். யாரும் வந்து கேட்கவில்லை.

மல்லிப்பூ

உங்கள் கடையில் வேலை பார்க்கிறவர்கள் எதில் வருகிறார்கள் அண்ணாச்சி?

கடைத்தெரு

பஸ்ஸில்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் வாங்குகிறவர் பஸ்ஸில் வருவதில்லையே. குளிர்சாதனப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போக முடியுமா?

காலை மட்டும் தடம், மாலையில் வேண்டாம் என்றால் பேசலாம். லோடு வண்டியை விடியற்காலையில் வரச் சொல்லிப் பார்க்கிறோம்.

ரிங்ரோடு ராசா

நான் சொன்ன நடுத்தடத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. நடுவில் போட்டால் கடைக்காரருக்கும் பிரச்சினை இல்லை, ஷேர் ஆட்டோவுக்கும் இல்லை, லெஃப்ட்டுக்கும் இல்லை. அழகர் ரோட்டில் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். பைபாஸில் ஏன் முடியாது?

வரைபடப்பித்தன்

கதவு. நம் டவுன் பஸ்ஸுக்குக் கதவு இடப்பக்கம். அகமதாபாத்தின் தனித்தட பஸ் சேவையான ஜன்மார்க்கில் 2009-ல் தொடங்கும்போதே வலப்பக்கக் கதவு உள்ள பஸ் வாங்கி, நடுவில் உயர மேடை கட்டினார்கள். அந்தப் பஸ் வேறு, ரோடு வேறு, நிறுவனமே வேறு. டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நடுத்தடம் 2008-ல் வந்தது. இருக்கிற பஸ்களையே, இடப்பக்கக் கதவோடு, நடுத்தடத்தில் விட்டார்கள். மேடைகளைச் சந்திப்புகளில் வைத்தார்கள். சிக்னல் சுற்று நீண்டது, கார்க்காரர்கள் கொதித்தார்கள், 2016-ல் இடித்தே விட்டார்கள். பஸ்ஸில் போனவர்களுக்கு அது உதவியதா என்ற பேச்சு கார் சத்தத்தில் கேட்கவே இல்லை என்பது என் வருத்தம்.

பைபாஸுக்கு வந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. காளவாசலில் 2020-ல் திறந்த மேம்பாலம் பைபாஸின் நடுவில்தான் ஏறுகிறது. நடுத்தடத்தில் வருகிற பஸ் நேராகப் பாலத்தில் ஏறிவிடும், காளவாசல் ஸ்டாப் கீழே கிடக்கும். தேனி ரோட்டுப் பஸ்ஸுக்கு மாறுகிற அத்தனை பேரும் இறங்குவது அங்கேதான். பாலத்துக்கு முன்னால் நடுவிலிருந்து ஓரத்துக்கு எல்லாத் தடத்தையும் வெட்டிக்கொண்டு வரச் சொன்னால் ஓட்டுநர் ஐயா என்னை அடிக்க வருவார்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்

அடிக்க மாட்டேன். லீவு போட்டுவிடுவேன்.

நெறியாளர்

மெட்ரோவைத் திருப்பியது யார் குற்றம் என்று எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பை ஒட்டிப் பேசவும்.

ஐந்தாம் கியர்

நான் பைக் ஓட்டுகிறவன். இந்த ரோட்டில் எண்ணிக்கையில் நாங்கள்தான் அதிகம், ஆனால் இழையில் எங்களுக்கு வில்லன் வேஷம். இடது தடம் பஸ்ஸுக்கு என்றால் நாங்கள் காருக்கும் லாரிக்கும் நடுவில் போகணுமா? ஓரமாகப் போ, மெதுவாகப் போ என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அந்த ஓரத்தைத்தான் இப்போது எடுக்கிறீர்கள்.

பெங்களூரில் 2019-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸுக்கென்று தடம் பிரித்துக் கம்பம் நட்டார்கள். கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் மெட்ரோ வேலை வந்தது, கம்பமும் போச்சு தடமும் போச்சு. அந்த ரோடு நம் பைபாஸைவிட எவ்வளவோ அகலம். இங்கே பெயிண்ட் அடித்தால் முதல் மழைக்குத் தாங்காது.

வைகைக்கரை வாசி

பெயிண்ட்டை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று வைத்தால் மணிக்கு 30. பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 1,500 பேர். இதே 1,500 பேரும் ஒரு வண்டிக்கு இரண்டு பேராகக் காரில் வந்தால் 750 கார், பழங்காநத்தம் தாண்டி வால் நீளும். ஆனால் இந்தக் கணக்கு செல்லுபடியாக இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரணும். பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 300 பேர்தான். அந்தத் தடம் காலியாகக் கிடக்கும், பைக்காரர் புகுவார், பின்னால் ஆட்டோ புகும், அப்புறம் கார் புகும். ஆளில்லாத வீட்டில் ஆடு மாடு புகுகிற மாதிரிதான். தடம் கேட்பதற்கு முன்னால் பஸ் கேளுங்கள் என்பது என் கட்சி. போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகமே பைபாஸ் ரோட்டில்தான் இருக்கிறது, கேட்க வெகுதூரம் போகத் தேவையில்லை.

பொன்மேனி பயணி

கோழியா முட்டையா என்று போகிறது இது. தடம் இல்லாததால் ஒரு பஸ் நாளைக்கு இத்தனை நடைதான் போக முடிகிறது. நெரிசலில் நிற்காமல் போனால் அதே பஸ், அதே டிரைவர், கூட ஒரு நடை. புதுப் பஸ் வாங்காமலே பஸ் கூடும்.

சரி, இதுவரை வந்ததை வைத்து யோசனையை மாற்றி எழுதுகிறேன். உள்தெரு லெஃப்ட் தடையை எடுத்துவிடுகிறேன், வரைபடப்பித்தன் சொன்ன யூ டர்ன் கணக்குக்குப் பதில் என்னிடம் இல்லை. ஸ்டாப்பிங்குகளைத் திருப்பம் தாண்டி நகர்த்துவது. காளவாசல் லெஃப்ட்டுக்குச் சிக்னல், நடக்கிறவர்களுக்குத் தனி நேரம். தடம் காலையில் மட்டும், அதுவும் முதலில் காளவாசலை நோக்கிப் போகிற பக்கம் மட்டும், சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிற மாதிரி.

ஐந்தாம் கியர்

பைக்?

பொன்மேனி பயணி

பைக் இரண்டாவது தடத்தில்தான். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை. பைக்கை உள்ளே விட்டால் ஐயா சொன்ன இடது கண்ணாடிக் கதை அப்படியே இருக்கும்.

ஐந்தாம் கியர்

அப்படியானால் நான் எதிர்ப்பு. பதிவு செய்துகொள்ளுங்கள். காருக்கு இரண்டு தடம் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை பாருங்கள்.

வரைபடப்பித்தன்

அது நல்ல கேள்வி. ஓரத்தில் கார் நிறுத்துவதை எடுத்தாலே ஒரு தடம் கிடைத்துவிடும். இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஓடுகிற பைக் அல்ல, நிற்கிற கார். கடைத்தெரு அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைத்தெரு

கோபமில்லை. பக்கத்துத் தெருவில் காலி மனை இருந்தால் காட்டுங்கள், நாங்கள் பத்துக் கடைக்காரர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து பார்க்கிங் விடுகிறோம். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

மூணுசக்கரம்

எனக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள். ஸ்டாப்பிங்கைத் திருப்பம் தாண்டித் தள்ளினால் பழைய இடம் காலியாகும் இல்லையா? அதைக் கோடு போட்டு ஷேர் ஆட்டோவுக்கு விடுங்கள், ஒரு நேரத்தில் இரண்டு வண்டி மட்டும். நாங்களே ஆள் போட்டு வரிசை பார்த்துக்கொள்கிறோம். அப்படிச் செய்தால் பஸ் தடத்தில் கால் வைக்க மாட்டோம்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்

திருப்பத்துக்கு முன்னால் இரண்டு ஆட்டோ நின்றால், லெஃப்ட் திரும்புகிற கார் மறுபடி அவர்களைச் சுற்றித்தான் வரும். நான் நின்ற இடத்தில் நீ நிற்பாய், அவ்வளவுதான். தெருவுக்குள் பத்தடி தள்ளி நில்லப்பா, உன் சவாரி உள்ளே போகிறதுதானே.

மூணுசக்கரம்

உள்ளே தள்ளி நின்றால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் கண்ணில் படமாட்டோமே ஐயா. சரி, பலகை ஒன்று வைத்தால் யோசிக்கலாம்.

ஜிகர்தண்டா77

தெருவுக்குள் பத்தடி என்றால் அங்கே இளநீர் வண்டி நிற்கிறது. முதலில் அவரை எழுப்புங்கள்.

மல்லிப்பூ

அவரை ஏன் எழுப்பணும்? நிழற்குடை இல்லாத ஸ்டாப்பிங்கில் காலை வெயிலுக்கு நாங்கள் ஒதுங்குவது அவர் கட்டியிருக்கும் தார்ப்பாய்க்குக் கீழேதான். ஸ்டாப்பிங்கைத் தள்ளி வைக்கிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு கூரையையும் போட்டுவிட்டுத் தள்ளட்டும். ஓட்டுநர் ஐயா நாலு கம்பம் செலவு என்றார், அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.